கூரைக் கூடாரம்: ஷெல் மீதா, ராக் மீதா?

அமெரிக்காவின் நெவாடா, யூட்டா, அரிசோனா மாநிலங்களின் மண்சாலைகளில் டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர பிக்கப் வண்டிகள் முதுகில் மடித்த கூடாரத்தைச் சுமந்துகொண்டு போவது இன்று சாதாரணக் காட்சி. அங்கே நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையிடம் பரந்த பொதுநிலம் இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். அந்த வசதிதான் இந்தப் பழக்கத்தை அங்கே வேரூன்ற வைத்தது. கூடாரம் மட்டும் வெளியூர்ச் சரக்கு. இத்தாலியின் ஆட்டோஹோம் நிறுவனம் மஜ்ஜோலினா என்ற கூரைக் கூடாரத்தை 1958இல் கொண்டுவந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அதை நெடும்பயணத்துக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தன.

பிக்கப் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓட்டுநர் அறையின் கூரை சிறியது, கூடாரத்துக்குப் போதாது. எனவே பின்தொட்டிதான் இடம். அங்கே இரண்டு வழிகள். தொட்டியை மூடும் கேம்பர் ஷெல்லின் கூரைமேல் பொருத்துவது ஒன்று. திறந்த தொட்டியின் விளிம்பில் கம்பிச் சட்டம் நிறுத்தி அதன்மேல் பொருத்துவது இன்னொன்று. இந்தச் சட்டத்தை பெட் ராக் என்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடுபவர்கள் அழகையும் விலையையும்தான் முதலில் பேசுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, கூடாரத்தின் பாரம் எந்த வழியாக வண்டியின் சேசிஸுக்கு இறங்குகிறது என்பது.

பாரக் கணக்கைப் பார்ப்போம். துணிக் கூடாரம் 50 முதல் 60 கிலோ வரை இருக்கும். கெட்டி ஓடு உள்ளது 70 கிலோவைத் தாண்டும். இரவில் இரண்டு பெரியவர்கள் ஏறிப் படுத்தால், படுக்கையோடு சேர்த்து 230 கிலோவை நெருங்கும். ஆகவே ஷெல்லுக்கும் ராக்குக்கும் இரண்டு வகை வரம்பு சொல்லப்படுகிறது: வண்டி ஓடும்போது தாங்கும் சுமை, நிற்கும்போது தாங்கும் சுமை. மனிதர்கள் ஏறும்போதுதான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நின்ற வண்டியின்மேல் உறங்குபவரின் பாரம் அசையாத பாரம். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அதே 70 கிலோ கூடாரம் ஒரு கணம் பல மடங்காகி அடிக்கிறது. அதனால்தான் ஓடும்போதைய வரம்பு எப்போதும் சிறிய எண்ணாக இருக்கிறது.

ஷெல்லின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண ஃபைபர் கிளாஸ் ஷெல் மழையைத் தடுக்கவும் பொருட்களைப் பூட்டி வைக்கவும் செய்யப்பட்டது. அதன் கூரை சில மில்லிமீட்டர் தடிமன்தான். கூரைத் தண்டவாளம் பொருத்திய இத்தகைய ஷெல்களுக்கு ஓடும்போது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 150 பவுண்டு அளவில், அதாவது 68 கிலோ அளவில், நிற்கிறது. கெட்டி ஓட்டுக் கூடாரம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். தாண்டினால் கூரை உடனே இடிந்து விழாது; அதுதான் ஏமாற்றிவிடுகிறது. முதலில் போல்ட்டுகளைச் சுற்றி மேற்பூச்சில் மயிரிழை விரிசல் ஓடும். அடுத்து பக்கவாட்டு ஜன்னல் சட்டம் கோணும், பின்கதவு சரியாகப் பூட்டாது. ஒரு மழையில் தண்ணீர் உள்ளே சொட்டும்போதுதான் உரிமையாளருக்கு விஷயம் தெரியவரும். கலிஃபோர்னியாவின் மொஹாவே சாலை ஏறத்தாழ 140 மைல். வரிவரியாக அலையோடிய அத்தகைய மண்சாலைகளில் போகும் வண்டிக்கு அதிர்வு ஓய்வதே இல்லை.

இதற்கு மாற்று உண்டு. தண்டவாளத்தை ஒட்டுப்பசையையோ சிறு திருகாணிகளையோ நம்பிப் பொருத்தாமல், கூரையைத் துளைத்து போல்ட் போட்டு, உட்புறம் அகலமான அலுமினியப் பட்டை வைத்து இறுக்க வேண்டும். தலைச்சுமைக்குச் சும்மாடு செய்யும் வேலையை அந்தப் பட்டை செய்கிறது. ஆனால் பட்டை பாரத்தைப் பரப்பும், கீழே இறக்காது. பரப்பிய பாரமும் அதே மெல்லிய சுவர்கள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். முழுத் தீர்வு, ஷெல்லுக்குள் கால்கள் உள்ள ஒரு சட்டத்தை நிறுத்தி, அந்தக் கால்களைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, கூரை போல்ட்டுகளை நேரே அந்தச் சட்டத்தில் முடிப்பது. அப்போது பாரம் கூடாரத்திலிருந்து சட்டத்துக்கும் அங்கிருந்து விளிம்புக்கும் போகும். ஃபைபர் கிளாஸ் மழையை மட்டும் பார்த்துக்கொள்ளும். அலுமினியத் துண்டங்களைக் கொண்டு பலர் வீட்டிலேயே இதைச் செய்துகொள்கிறார்கள். செய்யத் தெரியாதவர்களுக்கு உலோக ஷெல்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஸ்மார்ட்கேப்பின் எஃகு ஷெல்லுக்கு ஓடும்போது 150 கிலோ, நிற்கும்போது 350 கிலோ என்று வரம்பு சொல்கிறார்கள். கேப் டவுனின் ஆலு-கேப் அலுமினியத்தில் செய்கிறது. கூடாரம் ஏறும் என்று தெரிந்தே கட்டப்பட்டவை இவை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிக்கப்பில் ஓட்டுநர் அறையும் தொட்டியும் ஒரே உடலாக இல்லை. சேசிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியே அசைகின்றன. நீளமான கூடாரத்தின் ஒரு முனையை ஷெல்லிலும் மறு முனையை ஓட்டுநர் அறைக் கூரையிலும் கட்டுவது கூடவே கூடாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கலாம், இடையே இடைவெளி இருக்க வேண்டும். ஷெல்லைத் தொட்டியோடு பிடித்திருப்பவையும் சில கிளாம்ப்புகள்தாம். மேலே எடை கூடியபின் பிரேக் அடிக்கும்போதெல்லாம் அவை இழுபடும். எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது, ஸ்பேனரால் அடிக்கடி இறுக்கிப் பார்ப்பதும் நல்லது.

ராக்குக்கு இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை இல்லை. அதன் தூண்கள் பாரத்தை நேரே தொட்டி விளிம்பில் இறக்குகின்றன. டகோமாவின் தொட்டி 2005 முதல் இழைசேர்ந்த கலப்புப் பொருளால் ஆனது. விளிம்பில் உலோகத் தண்டவாளம் உண்டு, ராக் அதில் பிடித்துக்கொள்ளும். பின்மூலைகள் நெளியாமல் இருக்க எஃகு வலுவூட்டிகள் சேர்ப்பது வழக்கம். உயரம்தான் ராக்கின் பெரிய ஆதாயம். ஓட்டுநர் அறைக் கூரைக்குச் சமமாகவோ கீழாகவோ கூடாரத்தை அமர்த்தலாம். எதிர்காற்று குறைகிறது, வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது, பக்கச்சரிவில் போகும்போது ஓட்டுபவரின் நெஞ்சு படபடக்காது. ஷெல்லின்மேல் ஏறிய கூடாரமோ 7 அடியைத் தாண்டிவிடும். நகரத்து மாடி வாகன நிறுத்தங்கள் பலவற்றில் அந்த வண்டி நுழையாது.

எடைக் கணக்கும் ராக்கின் பக்கமே. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டை, ஆட்களும் சரக்குமாக எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்கிறது. 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஷெல் 80, உட்சட்டமும் தண்டவாளமும் 35, கூடாரம் 70, இரண்டு பேர் 150. கூட்டினால் 335, மிச்சம் 165 கிலோ. குளிர்பெட்டி, மின்கலம், தண்ணீர், சமையல் சாமான் ஏறினால் அது கரைந்துவிடும். ஷெல்லும் உட்சட்டமும் போய் 40 கிலோ ராக் வந்தால் மிச்சம் 240.

அப்படியானால் ஷெல் எதற்கு? கொலராடோ மலைகளில் காற்று கூடாரத் துணியை இரவெல்லாம் அறையும்போது, ஷெல் உள்ளவர் கீழே இறங்கி தொட்டிக்குள் படுத்துக்கொள்வார். ராக் உள்ளவருக்கு அந்த இடம் கிடையாது. அவருடைய சாமான்கள் புழுதியில் குளிக்கும். நகரத்தில் நிறுத்தினால் திருட்டுப் பயமும் உண்டு. நாயோடு போகிறவருக்கும் குளிர்காலத்தில் போகிறவருக்கும் மூடிய தொட்டி பெரிய வரம். ஆனால் இந்த நியாயத்தை இன்னும் ஓரடி தள்ளிப் பார்க்க வேண்டும். ஆறடித் தொட்டியும் ஷெல்லும் இருந்தால் இரண்டு பேர் உள்ளேயே படுக்கலாம். அவர்களுக்கு மேலே கூடாரமே தேவையில்லை. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்குத்தான் இரண்டும் சேர்ந்து உண்மையில் பயன்படுகின்றன.

கரடுமுரடான பாதையில் நாள்தோறும் இடம் மாறுகிறவருக்கு ராக்கே சரி என்பது என் தீர்ப்பு. ஷெல் வேண்டும் என்பவர் உலோக ஷெல் வாங்கட்டும், அல்லது உட்சட்டம் வைக்கட்டும். வெறும் ஃபைபர் கிளாஸ் கூரைமேல் குடும்பத்தைப் படுக்க வைக்க வேண்டாம். எதை வாங்கினாலும் வாங்குமுன், டேங்க்கை நிரப்பி, ஆட்களும் சாமானும் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் வண்டியை ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அந்தச் சீட்டில் வரும் எண்ணையும் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.