பதக்கக் கணக்கு மட்டும் போதுமா?

ஐஸ் ஹொக்கியில் வலிமைமிக்க நாடு எது? 1956 முதல் 1988 வரை ஏழு ஒலிம்பிக் தங்கங்களை வென்றது சோவியத் ஒன்றியம். ஆனால் அங்கெல்லாம் கனடாவின் தலைசிறந்த தொழில்முறை வீரர்களை அது சந்திக்கவில்லை. சோவியத் வீரர்களோ பெயரளவிலேயே அமெச்சூர்கள்.

இரு தரப்பும் நேருக்கு நேர் மோதியது 1972 செப்டெம்பரில். கனடா எளிதில் வெல்லும் என்றே அந்நாட்டுப் பத்திரிகையாளர் பலர் எழுதினர். மொன்றியலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சோவியத் அணி 7-3 என வென்றது. மொஸ்கோவில் நடந்த எட்டாவது ஆட்டத்தில், 34 செக்கன்கள் எஞ்சியிருக்கையில் போல் ஹென்டர்சன் அடித்த கோலே தொடரைக் கனடாவுக்குத் தந்தது.

வெற்றிகள் 4-3, ஓர் ஆட்டம் சமநிலை. மொத்தக் கோல்களோ சோவியத்துக்கு 32, கனடாவுக்கு 31! களத்தில் காணாத அணியை எடைபோட்டு எழுதும் எம்மவர்க்கு இது நல்லதொரு பாடம்.