தாராசுரத்துக் கல்லோவியங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் பெருமையை அறியாத தமிழர் இலர். அதன் புகழொளியில் சற்றே மறைந்து நிற்பது, கும்பகோணத்தை அடுத்துள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் திருக்கோயில். இதனை எடுப்பித்தவன் இரண்டாம் இராசராச சோழன் (1146-1173). 2004ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது.

தஞ்சை விமானம் 200 அடியைக் கடந்து நிற்பது. இதுவோ ஏறத்தாழ 80 அடியே. ஆயின் சிற்ப நுணுக்கத்தில் இதனை விஞ்சுவது அரிது. முன்மண்டபம் சக்கரங்களோடும் பாயும் குதிரைகளோடும் ஒரு தேராகவே சமைந்துள்ளது. கலிங்கத்துக் கொனாரக் தேர்க்கோயில் எழுந்தது 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். தாராசுரத் தேர் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முற்பட்டது. யானையும் காளையும் ஒரே தலையில் இணைந்த சிற்பமும் இங்குக் காணத்தக்கது.

இவற்றினும் அரியன, கருவறைச் சுவரின் அடிப்புறத்தைச் சுற்றி வரும் சிறு சிற்பங்கள். இம்மன்னனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அடுத்த தலைமுறையிலேயே அத்தொண்டர்களின் வரலாறு இங்குக் கல்லில் ஏறிவிட்டது. முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட காட்சியும் அவற்றுள் ஒன்று. அந்நிகழ்ச்சி நடந்ததாகப் புராணம் கூறும் அவிநாசி நமக்கு அயலூரன்று. கோவையைக் கடந்தால் வந்துவிடும். அச்சுந்தரரின் உயிர்த்தோழர் சேரமான் பெருமாளோ, நாம் வாழும் இக்கேரள மண்ணில், கொடுங்கோளூரிலிருந்து ஆண்டவர். ஆதலின் இவ்வரலாறு நமக்கு இருவழியாலும் உரியது.

சிற்பி உருவத்தை மட்டும் செதுக்கி விடவில்லை. இன்னார் வரலாறு இஃது என்று தமிழில் பெயரும் பொறித்து வைத்தான். அவ்வெழுத்து இல்லையேல், காண்போர்க்கு ஒரு முதலையும் ஒரு சிறுவனும் மட்டுமே தெரிவர்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வடகரப்பதி கேரளத்தோடு நின்றது. நம் பிள்ளைகள் மலையாளம் பயில்வது இன்றியமையாதது. அதுவும் நமக்கு உடன்பிறந்த மொழியே. ஆனால் இல்லத்தில் தமிழ் எழுத்தைக் கற்பிக்காது விடுவோமாயின், எண்ணூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கும் அப்பெயர்கள் நம் பேரர்க்கு வெறுங்கோடுகளாகிவிடும்.

ஆதலின் அன்பர்களே, வரும் கோடை விடுமுறையில் தஞ்சை வழியாகக் கும்பகோணத்திற்குப் பிள்ளைகளை இரயிலேற்றி அழைத்துச் செல்வோம். அதற்கு முன், நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் தமிழ் படிப்பிப்போம். வாழ்க தமிழ்!