டெர்ப்: ஊர் மேடான கதை

டுசல்டார்ஃப் என்ற ஜெர்மன் நகரப் பெயரின் கடைசியில் வரும் 'டார்ஃப்' ஊரைக் குறிக்கும் சொல். டச்சுக்காரர்கள் அதையே 'டோர்ப்' என்பார்கள். இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் 'தார்ப்' என்று நிற்பதும் அதுதான். மூன்றும் ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. நெதர்லாந்தின் வடகோடியில் ஃபிரீசிய மொழி பேசுவோரிடம் மட்டும் இந்தச் சொல் 'டெர்ப்' என்ற வடிவில் வழங்குகிறது. அங்கே அதற்குப் பொருள் ஊர் அல்ல, மனிதர் எழுப்பிய மண்மேடு. பழைய ஃபிரீசியத்தில் அதுவும் ஊரைத்தான் குறித்தது. ஊர் எப்படி மேடாயிற்று என்று அறிய ஹேகெபெய்ன்டம் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

ஹேகெபெய்ன்டத்தில் நூறு பேர்கூட இல்லை. வாடன் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தட்டையான களிமண் பூமியில் இருக்கிறது. 'ஹேகெ' என்றால் உயர்ந்த. பெயருக்கேற்ப, நாட்டிலுள்ள டெர்ப்புகளில் இதுவே மிக உயரமானது: கடல்மட்டத்தை ஒட்டிய ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டக் குறிக்கு மேல் 8.8 மீட்டர். உச்சியில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். மலையைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது ஒரு உயரமா என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கரையோரத்தில் ஒரு மீட்டர் உயரம்தான் பிழைப்பதற்கும் மூழ்குவதற்கும் உள்ள இடைவெளி.

இன்றைய ஃபிரீஸ்லாந்து, குரோனிங்கன் மாகாணங்களின் கடலோரம் முன்பு உவர்ச் சதுப்பு நிலம். பெரும் ஓதமும் புயலும் சேரும்போதெல்லாம் கடல் அதன்மேல் ஏறிவிடும். ஆனால் கடல் கொண்டுவந்து படிய வைத்த வண்டலில் புல் செழித்தது. மாடு வளர்ப்போருக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் நிலம் கிடையாது. கி.மு. 600, 500 வாக்கில் மக்கள் அங்கே குடியேறினார்கள். கடலைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. ஆகவே வீட்டை உயர்த்தினார்கள்.

உயர்த்தத் தேவையான பொருள்கள் வெளியிலிருந்து வரவில்லை. சதுப்பிலிருந்து வெட்டிய புல்கட்டிகள், களிமண், மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டிபானை, எலும்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி மிதித்தார்கள். வீடு பழசானால் இடித்துச் சமன்செய்து, அதன்மேலேயே அடுத்த வீடு. தனித்தனி வீட்டுமேடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து ஊர்மேடாயின.

ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் இந்தக் கரையோரத்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த சவுகி மக்களைப் பார்த்து, தம் இயற்கை வரலாற்று நூலில் இரங்கி எழுதினார். கடலா நிலமா என்று தெரியாத இடத்தில் மேட்டின்மேல் குடிசை போட்டு, மழைநீரைக் குடித்து, சேற்றைக் காயவைத்து எரிக்கிறார்கள், கால்நடையும் இல்லை என்றார். கடைசிச் செய்தி அகழாய்வில் பொய்த்தது. குரோனிங்கனில் உள்ள எசிங்கெ என்ற சிற்றூரின் மேட்டை 1923 முதல் 1934 வரை வான் கிஃபென் என்ற தொல்லியலாளர் தோண்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் வெளிவந்தன. ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடுகள். குச்சி பின்னிய சுவர்களும் தொழுவத் தடுப்புகளும் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் நின்றன. ஈரமும் சாணமும் காற்றை அண்டவிடாமல் மரத்தைக் காத்திருந்தன.

எசிங்கெயில் இந்த மேட்டுக்கு 'வியர்டெ' என்று பெயர். குரோனிங்கன் முழுக்க அதுவே வழக்கு. ஃபிரீஸ்லாந்தின் தலைநகரான லேவார்டன், போல்ஸ்வார்ட் ஆகிய பெயர்களில் உள்ள 'வார்ட்' அதன் உறவுச்சொல். ஜெர்மன் கரையோரத் தீவுகளில் 'வார்ஃப்ட்' என்பார்கள். பொருள் ஒன்று, பெயர் பல.

கி.பி. 1000க்குப் பிறகு நீண்ட கடல்தடுப்புக் கரைகள் எழுந்தன. மேடு இல்லாமலும் ஊர் அமையலாம் என்றாயிற்று. அதுவரை பிரிக்க முடியாதிருந்த இரண்டும் பிரிந்தன. இன்று ஃபிரீசியர்கள் ஊரை டச்சை ஒட்டி 'டோர்ப்' என்றே சொல்கிறார்கள். 'டெர்ப்' மேட்டோடு நின்றுவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மேட்டுக்கும் விலை வந்தது. சாணமும் எலும்பும் மக்கிய டெர்ப் மண்ணில் பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் மிகுதி. மணற்பாங்கான நிலக்காரர்களும் கரிச்சதுப்பு நிலக்காரர்களும் உரமாக அதை வாங்கினார்கள். மேட்டின் அடி வரைக்கும் வாய்க்கால் வெட்டி, படகு படகாக ஏற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடுகளில் பல இப்படிக் கரைந்தன. ஹேகெபெய்ன்டத்திலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். தேவாலயமும் கல்லறைகளும் உள்ள பகுதியைத் தொடவில்லை. அதனால்தான் தேவாலயத்தின் பக்கம் மேடு இன்று செங்குத்தாக இறங்குகிறது. மண்ணோடு வெளிவந்த பழம்பொருள்கள் ஆராய்ச்சியாளர்களை விழிக்கச் செய்தன. மேடுகளை முறையாக ஆராய 1916இல் வான் கிஃபென் ஒரு சங்கமே தொடங்கினார். பிறகு ரசாயன உரம் பரவியதும் மண் வியாபாரம் படுத்தது.

சொல் மட்டும் படுக்கவில்லை. ஃபிரீசிய எல்லையைத் தாண்டி தொல்லியல் நூல்களில் ஏறியது. இப்போது பொறியாளர்களிடமும் புழங்குகிறது. நெதர்லாந்தின் தெற்கே மாஸ் ஆற்றோரம் ஓவர்டீப்ஸெ என்ற தாழ்நிலத்தில், வெள்ளம் வந்தால் ஆறு பரவிக்கொள்ளட்டும் என்று கரையைத் தாழ்த்தி, பண்ணை வீடுகளை ஏறத்தாழ ஆறு மீட்டர் உயர மேடுகளில் கட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கும் பெயர் டெர்ப்.

ஊரைக் குறித்த சொல் மேட்டுக்குப் போனதைப் பொருள் பிறழ்ந்தது என்று அகராதி நோக்கில் சொல்லிவிடலாம். எசிங்கெயின் மண்ணடுக்குகள் அப்படிச் சொல்லவில்லை. ஊர் ஏறி உட்கார்ந்த பீடம் அல்ல டெர்ப். அந்த ஊரின் வீடும் தொழுவமும் அடுப்புமே அங்கு மண்ணாகிக் கிடக்கின்றன. மேட்டுக்கு ஊர் என்றே பெயர் வைத்த ஃபிரீசியர் சொன்னதுதான் சரி.