பிலாட்டீஸ் பயிற்சி

பிலாட்டீஸ் என்பது மூச்சையும் அசைவையும் இணைத்து, வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றின் ஆழ்தசைகளை வலுப்படுத்தும் உடற்பயிற்சி முறை. இதை உருவாக்கியவர் ஜெர்மனியரான யோசெப் பிலாட்டீஸ் (1883–1967). தனியார் கூடத்தில் தொடங்கிய இம்முறை பின்னர் பல்கலைக்கழகங்களின் நடனம், உடற்கல்வி, இயன்முறை மருத்துவத் துறைகளுக்குள் நுழைந்தது.

தோற்றம்

சிறுவயதில் ஆஸ்துமாவால் நலிந்திருந்த பிலாட்டீஸ், உடலைத் தேற்ற ஜிம்னாஸ்டிக்ஸும் குத்துச்சண்டையும் பழகினார். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்த அவரை, எதிரி நாட்டவர் என்று மான் தீவின் நாக்கலோ முகாமில் அடைத்தனர். அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சியளித்தார். 1926இல் நியூயார்க் சென்று, மனைவி கிளாராவுடன் எட்டாம் அவென்யூவில் கூடம் நடத்தினார். காயம்பட்ட பாலே கலைஞர்கள் பலர் அங்கு வந்தனர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி'. 1945இல் வெளிவந்த அவரது நூல் 34 தரைப்பயிற்சிகளை விளக்குகிறது.

கல்வி நிலையங்களில்

தொடக்கத்தில் இது குருவிடம் நேரில் கற்கும் கலையாகவே இருந்தது. 1967இல் பிலாட்டீஸின் மாணவிகளான கேத்தி கிராண்ட், லோலிட்டா சான் மிகேல் ஆகிய இருவரும் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாகச் சான்றிதழ் பெற்றனர். கிராண்ட் பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளியில் நடன மாணவர்களுக்குக் கற்பித்தார். 'பிலாட்டீஸ்' எவருக்கும் உரிய வணிகக் குறியீடல்ல என்று 2000இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அப்பெயரில் எவரும் கற்பிக்க வழி பிறந்தது.

அறிவியல் பின்புலம்

மருத்துவத் துறையின் கவனம் இதன்மேல் திரும்ப, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வுகள் துணைசெய்தன. அவற்றின்படி, கையை உயர்த்துமுன்பே வயிற்றின் குறுக்குத்தசை இறுகி முதுகெலும்பைத் தாங்குகிறது. கீழ்முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதமாக இறுகுகிறது. பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996இல் இதை வெளியிட்டனர். மூச்சுக்கான உதரவிதானமும் இடுப்புத்தளத் தசைகளும் இந்தத் தாங்கலில் பங்கேற்பவை. எனவே இயன்முறை மருத்துவர்கள், விலா பக்கவாட்டில் விரிய மூச்சிழுத்து, முயற்சியின்போது வெளிவிடும் பிலாட்டீஸ் வழக்கத்தைத் தசைப்பயிற்சியோடு சேர்த்துக் கற்பிக்கின்றனர்.

மதிப்பீடு

10 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் அமைப்பு) மதிப்பாய்வு, கீழ்முதுகுவலிக்குக் குறைந்தபட்சச் சிகிச்சையைவிட இது பயன்தரக்கூடும் என்றது. பிற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அது முடிவு கூறியது.