கணக்கும் கணினியும் ஒரே பாடமாக இருந்த காலம்

அறிவியலிலும் பொறியியலிலும் எழும் சமன்பாடுகளைத் தாளில் தீர்க்க இயலாதபோது, கணினியின் துணையால் தோராயமான, ஆனால் நம்பத்தக்க விடையைக் காணும் துறையே கணக்கீட்டு அறிவியல் எனப்படுகிறது. இதற்கான தனிப் படிப்பு அண்மையில் தோன்றியது எனப் பலர் கருதினாலும், அதன் முன்வடிவம் 1953 அக்டோபரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், பட்டம் பெற்றோருக்கெனத் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பிலேயே அமைந்திருந்தது.

1937இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில், மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணினி, 1949 மே 6 அன்று முதன்முதலாக ஒரு நிரலை இயக்கி, வர்க்க எண்களின் அட்டவணையை அச்சிட்டது. அதைப் பயன்படுத்த விரும்பியவர்களுள் பலர் வேதியியலாரும் உயிரியலாரும் வானியலாருமே. நரம்பில் மின்துடிப்பு பரவும் முறையை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, 1951இல் எட்சாக் மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், கையால் சுழற்றும் கணக்கிடு பொறியைக் கொண்டு ஏறத்தாழ மூன்று வாரம் உழைத்தே தம் சமன்பாடுகளைத் தீர்த்தார் என்பதிலிருந்து அன்றைய தேவையின் அளவை உணரலாம்.

கணினி இருந்தால் மட்டும் போதாது என்பதை வில்க்ஸ் தம் அனுபவத்திலேயே கண்டார். ஏரி என்ற கணிதவியலாளரின் பெயர் தாங்கிய வகைக்கெழுச் சமன்பாட்டுக்காக அவர் எழுதிய, ஏறக்குறைய 126 வரிகள் கொண்ட நிரலில், இருபது அளவிலான பிழைகள் இருந்தன. எனவே, பலமுறை சோதித்துத் திருத்திய துணைநிரல்கள், அதாவது பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் சிறு நிரல்கள், துளையிட்ட காகித நாடாக்களாக எஃகு அலமாரியில் சேர்த்து வைக்கப்பட்டன. பயனர் தமக்கு வேண்டியதை எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டார். அந்நூலகத்தை விளக்கி வில்க்ஸும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் கில் வெளியிட்ட ஒரு கணித முறை அப்பட்டயப் படிப்பின் உயிர்நிலையை நன்கு காட்டுகிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் ருங்கே-குட்டா முறை முன்பே அறியப்பட்டிருந்தாலும், எட்சாக்கின் பாதரசக் குழாய் நினைவகம் சில நூறு எண்களுக்கே இடமளித்ததால், குறைந்த இடத்தில், இலக்கங்களை முழுமையாக்குவதால் நேரும் பிழையும் பெருகாதவாறு அதனை அவர் மாற்றியமைத்தார். கணிதம் மட்டும் அறிந்தவரோ பொறியை மட்டும் அறிந்தவரோ இதைச் செய்திருக்க முடியாது. புதிய படிப்புக்கு 'எண்ணியல் பகுப்பாய்வும் தானியங்கிக் கணக்கீடும்' என இரண்டையும் இணைத்துப் பெயரிட்டது மிகச் சரியான முடிவாகும்.

பின்னர் அந்த இணைப்பு தளர்ந்தது. ஆய்வகம் 1970இல் கணினி ஆய்வகம் எனப் பெயர் மாறியது. பட்டயமும் காலப்போக்கில் கணினி அறிவியல் பட்டயமாயிற்று. கணினி அறிவியல் தனித்துறையாக வளர அது உதவியது எனினும், எண்ணியல் பகுப்பாய்வு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது பேரிழப்பே. அமெரிக்காவின் தொழில்சார் பயன்பாட்டுக் கணிதச் சங்கம் 2001இல் வெளியிட்ட அறிக்கை, பயன்பாட்டுக் கணிதம், கணினி அறிவியல், ஓர் அறிவியல் அல்லது பொறியியல் துறை ஆகிய மூன்றும் கூடிய முதுநிலைக் கல்வியை வலியுறுத்தியபோது, கேம்பிரிட்ஜ் தன் படிப்பின் தலைப்பிலேயே ஒருகாலத்தில் தாங்கியிருந்த கருத்துதான் மீண்டும் முன்வைக்கப்பட்டது. அப்பட்டயப் படிப்பு 2008இல் நிறுத்தப்பட்டது.