தீயின் எண் மூன்று

திருவண்ணாமலை நெருப்புத் தலம். திருவெம்பாவை பிறந்த ஊரும் இதுவே என்பது மரபு. அதைப் பாடிய மாணிக்கவாசகர், போற்றித் திருஅகவலில் ஐம்பூதங்களை எண்ணால் அடுக்குகிறார்: நிலம் ஐந்து, நீர் நான்கு, தீ மூன்று, வளி இரண்டு, வெளி ஒன்று. ஒவ்வொரு பூதமும் எத்தனை புலன்களுக்கு எட்டுகிறது என்பதே கணக்கு. தீக்கு ஓசையும் ஊறும் ஒளியும் உண்டு; சுவையும் நாற்றமும் இல்லை.

1869இல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடையால் அடுக்கினார். டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானது. ஆயினும் பண்பு கருதி அதை முன்னே வைத்தார். எடையை அளந்ததில்தான் பிழை என்று நினைத்தார். பிழை எடையில் இல்லை. வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்னூட்டமே என்பதை மோஸ்லி 1913இல் எக்ஸ் கதிர்களால் காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. மறு ஆண்டே 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்றார். 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் மடிந்தபோது அவருக்கு வயது 27. எழுபத்தைந்தாம் தனிமமான ரீனியம் 1925இல் கிடைத்தது.

அணு எண்ணை மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். நாம் அதைச் செய்ய வேண்டாம். தீ இன்று தனிமமே அன்று, ஒரு வேதிவினை. அவர் எண்ணியது உணர்பவனின் புலன்களை. மோஸ்லி எண்ணியது பொருளின் உள்ளீட்டை. இரண்டையும் ஒன்றென்பது இருவருக்கும் இழுக்கு.