பாட்டு முந்தி, படம் பிந்தி

திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டியில் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலமாய்ப் படுத்திருக்கும். அந்த மலைமேல் இருக்கும் கொடைக்கானலின் பெயர், 2015 ஜூலை 30 அன்று யூடியூபில் ஏறிய ஒரு ராப் பாட்டுக்குத் தலைப்பானது. 'கொடைக்கானல் வோன்ட்'. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். பின்னால் எந்தப் படக் கம்பெனியும் இல்லை, கதாநாயகனும் இல்லை. அங்கிருந்த வெப்பமானி ஆலையின் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன தொழிலாளர்களும், அவர்களுக்குத் துணை நின்ற ஜட்கா, வெட்டிவேர் கலெக்டிவ் என்ற இரு அமைப்புகளும்தான் இருந்தன.

இன்று கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒரு பேண்டுக்காகப் பாட்டு வீடியோ எடுக்கக் கிளம்பினால், முதல் பேச்சு கேமரா வாடகையைப் பற்றித்தான் இருக்கும். தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டைப் படமாக்கிய கதையைப் புரட்டினால் வேறு மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மெட்டு யாருடையது? இடம் யாருடையது? பெயர் யாருக்குப் போகிறது?

முதலில், பாட்டைப் படமாக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' தொட்டே தமிழ்ப் பேசும்படம் பாட்டுப்படம்தான். அந்தக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். கேமராவும் ஒலிப்பதிவும் ஒன்றாக ஓடும். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாத மூலை பார்த்து உட்கார்ந்து வாசிப்பார்கள். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இரவல் குரலைப் புகுத்தினார். திரையில் ஒருவர் வாயசைக்க, குரல் இன்னொருவருடையதாக இருந்தது.

பின்னாளில் நிலைத்தது 'பாட்டு முந்தி, படம் பிந்தி' என்ற வேலைமுறை. முன்பே பதிவான பாட்டைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு அதற்கு உதட்டை அசைப்பார்கள். ஸ்விட்சர்லாந்தில் செய்த 'நாக்ரா' என்ற ஒலிப்பதிவுக் கருவியில் பாட்டை ஓட்டியதால், கோடம்பாக்கத்தில் அந்த வேலைக்கே நாக்ரா என்று பெயர் நிலைத்தது. மெதுவாக நகரும் காட்சியிலும் உதடு சரியாகப் பொருந்த ஒரு தந்திரம் உண்டு. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 48 ஃபிரேமில் எடுப்பார்கள். திரையில் 24ஆக ஓட்டும்போது அசைவு பாதி வேகத்துக்குக் குறையும், உதடு மட்டும் பாட்டோடு கூடி நிற்கும். புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு செல்போனில் படம் பிடிக்கும் மாணவரும் செய்வது இதே காரியம்தான்.

ஆனால் பாட்டின் படம் என்பது நெடுங்காலம் சினிமாவின் சொத்தாகவே இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை மாலையானால் 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே டிவி இருந்த வீட்டில் கூடியது. வந்தவை அத்தனையும் படப்பாட்டுகள். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, இசைக்குழுக்களின் பாட்டு வீடியோக்களுக்கென்றே ஒரு சேனலாக இருந்தது. இங்கே பாட்டென்றால் சினிமா, சினிமாவென்றால் பாட்டு. தனியாக ஒரு குழு பாடிப் படமெடுத்தாலும் போட்டுக்காட்ட இடமில்லை.

அந்தச் சுவரில் முதல் ஓட்டை மலேசியாவிலிருந்து விழுந்தது என்று சொல்லலாம். யோகி பி & நட்சத்ரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பமும், 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை ராப்போடு கலந்த 'மடை திறந்து' வீடியோவும் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவின. 2011இல் ஹிப்ஹாப் தமிழாவின் பாட்டு யூடியூபில் பேசுபொருளானது. அடுத்த ஆண்டே 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது.

இதற்கிடையே கருவியும் மலிந்தது. 2008இல் வந்த கேனான் ஃபைவ் டி மார்க் டூ, போட்டோ எடுக்கும் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்க வைத்தது. அதன் தம்பியான செவன் டியில் எடுத்த 'வழக்கு எண் 18/9' 2012இல் தியேட்டருக்கே வந்தது. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படக்காரர்களை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. பேட்டா கொடுத்து யூனிட் கூட்டாமல், நண்பர்களைக் கூட்டியே பாட்டெடுக்கும் காலம் வந்துவிட்டது.

இனி அந்த மூன்று கேள்விகள்.

மெட்டின் கதை கொடைக்கானலுடையது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையைப் பெயர்த்து 1980களில் கொடைக்கானலில் நிறுவினார்கள். பாண்ட்ஸ் வசம் இருந்த ஆலை 1987இல் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டுவர, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு வரவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

பாட்டு வந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து. புது மெட்டுப் போட்டு, அது ஊர் வாயில் ஏறும்வரை காத்திருக்க அந்தக் குழு விரும்பவில்லை. உலகமே முணுமுணுத்துக்கொண்டிருந்த நிக்கி மினாஜின் 'அனகோண்டா'வை எடுத்து அதன்மேல் தங்கள் சொற்களை ஏற்றினார்கள். மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவரின் அன்றைய தலைமை அதிகாரி பால் போல்மன் அதே இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு கண்டது. பாட்டு ஒன்றே அதைச் சாதித்துவிடவில்லை, பத்தாண்டு வழக்கும் பதினைந்தாண்டு அலைச்சலும் அதற்குள் இருக்கின்றன. தெரிந்த மெட்டு, தெரியாத செய்தியைத் தூக்கிச் சென்றது. கேலிக்கும் கிளர்ச்சிக்கும் இரவல் மெட்டு எடுபடும். சொந்தப் பாட்டோடு வளர நினைக்கும் பேண்டுக்கு அது உதவாது, உரிமை கேட்டு வருபவருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இடத்தின் கதை எண்ணூருடையது. அதே ரதீந்திரன் பிரசாத் 2017 ஜனவரியில் 'சென்னை பொறம்போக்குப் பாடல்' எடுத்தார். எழுதியவர் கபேர் வாசுகி, இசையமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா. சபா மேடையில் உட்கார்ந்து பாடும் கர்நாடகப் பாடகர், மாசுத் தடுப்பு முகமூடியோடு எண்ணூர்க் கழிமுகத்தில் அமர்ந்தார். பின்னணியில் அனல்மின் நிலையமும் சாம்பலும். செட் போடவில்லை, ஆட்டக்காரர்கள் இல்லை. லொக்கேஷன் பார்த்து முடித்தபோதே வீடியோவில் பாதி முடிந்துவிட்டது.

பெயரின் கதை 'என்ஜாய் எஞ்சாமி'யுடையது. 2021 மார்ச் 7 அன்று மாஜா என்ற இசை நிறுவனம் வெளியிட்ட இந்தப் பாட்டில் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன், வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் நினைவு, அறிவின் பாட்டி வள்ளியம்மாள் வழியாக அதில் இறங்கியது. சினிமா இல்லாத தமிழ்ப் பாட்டு பல கோடிப் பேரை எட்ட முடியும் என்று காட்டியதும் அதுதான். ஆனால் இந்தப் பாட்டு மேடையேறிய 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுக்குப் பிறகு, பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற சச்சரவு வெளியே வந்தது. 2024இல் அந்தப் பாட்டின் வருமானம் தனக்கு வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமைத்தொகையைக் காக்க 2012இல் பதிப்புரிமைச் சட்டமே திருத்தப்பட்டிருந்தும் நிலைமை இப்படித்தான்.

தொப்பம்பட்டிப் பக்கத்து மாணவர்களுக்கு இந்த மூன்றில் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை. பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வட்டாரம் காங்கேயம் மாட்டினத்தின் தாய்நிலத்தைச் சேர்ந்தது. அந்த மாடுகளை முன்னிறுத்தி ஹிப்ஹாப் தமிழா 2016இல் வெளியிட்ட 'டக்கரு டக்கரு', மறு ஆண்டு சல்லிக்கட்டுப் போராட்டத்தில் எங்கும் ஒலித்தது. இசைக்கும் பஞ்சமில்லை. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், சகோதரி சந்திராவின் முயற்சியில் இளம்பெண்களுக்குப் பறை கற்றுத்தருகிறது. ஆண்கள் மட்டுமே, அதுவும் இழிவோடு சேர்த்து, அடித்துவந்த கருவியை அந்தப் பெண்கள் மேடையேற்றினார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படமே எடுத்தார்.

மூன்றாவதற்குத்தான் பேச்சு வேண்டும். உறுமியோ பறையோ அடித்துத் தருகிற கலைஞரை ஒரு நாள் கூலிக்கு அழைத்துவந்து, வீடியோவின் கீழே 'நன்றி' என்று மொத்தமாக ஒரு வரி போட்டு முடிப்பது வழக்கமாகிவிட்டது. படமெடுக்கப் போகிற தம்பி, தங்கைகள் கேமராவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள், எழுதியவர், பாடியவர், அடித்தவர், எடுத்தவர் பெயரையும் பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அந்தத் தாளுக்கு வாடகை இல்லை.